புல் வளர்ந்ததற்கு 102 டாலர்: ‘செலவை மீட்கும்’ நகராட்சிகளின் வரலாறு

நகராட்சி செய்யும் வேலைக்கு யார் காசு கொடுப்பது? ‘சேவையைப் பெறுகிறவர் கொடுக்கட்டும்’ என்பார்கள் அதிகாரிகள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. மாடி கட்ட அனுமதி கேட்பவர், வரைபடத்தைச் சரிபார்க்கும் பொறியாளரின் நேரத்துக்குக் கட்டணம் செலுத்துவதில் நமக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்கள் வாசலில் புல் உயரமாக வளர்ந்துவிட்டது என்று நோட்டீஸ் கொடுக்க வருகிறாரே ஓர் ஆய்வாளர், அவருக்கு ஆகும் செலவை யார் ஏற்பது? அவரை நீங்கள் அழைக்கவில்லை. அவர் வந்ததால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. இருந்தாலும் அந்தச் செலவை உங்களிடமே வசூலிக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்க நகராட்சிகளில் வேரூன்றியது. அது எப்படி வந்தது, யார் தலையில் விடிந்தது என்று பார்ப்போம்.

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பகுதியிலிருந்து தொடங்குவோம். கறுப்பின மக்களுக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே செயின்ட் லூயிஸ் நகரத்து வீடு ஒன்றைப் பற்றியதுதான். ஆனால் தீர்ப்பு வந்ததும் பிரிவினை ஓய்ந்துவிடவில்லை. நகரத்தைச் சுற்றியுள்ள செயின்ட் லூயிஸ் கவுண்டி ஏறத்தாழ 90 குட்டி நகராட்சிகளாகச் சிதறிக் கிடந்தது. எந்த மாதிரி வீடு கட்டலாம், ஒரு வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கலாம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக விதி போட்டது. யாரை உள்ளே விடுவது என்பதைக் கட்டட விதிகளும் நிலப்பயன்பாட்டு விதிகளும் தீர்மானித்தன.

ஃபெர்குசன் வெள்ளையர் ஊர். இருட்டிய பிறகு கறுப்பின மக்கள் அங்கே தங்க முடியாது. பக்கத்து ஊரான கின்லாக்கில் வாழ்ந்தவர்கள் கறுப்பின மக்கள். கின்லாக்கிலிருந்து வரும் முக்கியச் சாலையைச் சங்கிலி போட்டு அடைத்து வைத்திருந்தது ஃபெர்குசன். வீட்டுவேலைக்கு வரும் பெண்களுக்காக இன்னொரு சாலை மட்டும் பகலில் திறந்திருந்தது. ஊரையும் சேரியையும் அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காலம் மாறியது. 1970இல் ஃபெர்குசன் மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் 1 சதவீதம். 2010இல் அது 67 சதவீதமானது. வெள்ளையர்கள் தள்ளிப் போய்க் குடியேறினார்கள். குடிகள் மாறினாலும் நிர்வாகம் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே இருந்தது.

இதற்கிடையே வரி அரசியலும் மாறியிருந்தது. கலிஃபோர்னியாவில் 1978இல் நடந்த வாக்கெடுப்பு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் அடக்கியது. மிசூரியில் 1980இல் வந்த அரசமைப்புத் திருத்தம், மக்கள் வாக்களிக்காமல் உள்ளாட்சிகள் வரியை உயர்த்த முடியாது என்றது. சொத்துள்ளவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் போலீஸ், நீதிமன்றம், ஆய்வாளர் என்று நகராட்சிக்கு ஆகும் செலவு குறையவில்லை. வரிக்குப் போட்ட பூட்டு, சேவைக் கட்டணங்களுக்கும் அபராதங்களுக்கும் அதே இறுக்கத்தோடு இல்லை. நகராட்சிகள் அந்த வழியே போயின. ‘செலவை மீட்பது’ என்பது நிதித்துறையின் அன்றாட வாசகமானது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் உலகம் பார்த்தது. அமெரிக்க நீதித்துறை ஃபெர்குசனின் கணக்குகளையும் மின்னஞ்சல்களையும் ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 2010 நிதியாண்டில் அபராதங்களும் நீதிமன்றக் கட்டணங்களுமாக நகராட்சிக்கு வந்தது சுமார் 13.8 லட்சம் டாலர். 2015க்கான பட்ஜெட்டில் இந்த இனத்தில் எதிர்பார்த்தது சுமார் 30.9 லட்சம். பொது நிதி வருவாயில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். விற்பனை வரி குறையப் போகிறது, ஆகவே டிக்கெட் எழுதுவதைக் கூட்ட வேண்டும் என்று நிதி இயக்குநரே போலீஸ் தலைவருக்கு 2010இல் எழுதியிருந்தார்.

போக்குவரத்து விதிகளோடு இது நிற்கவில்லை. உயரமாக வளர்ந்த புல்லுக்கு வேறோர் ஊரில் 5 டாலர் அபராதம் என்றால், ஃபெர்குசனில் 77 முதல் 102 டாலர் வரை. வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று நகராட்சியிடம் பதிந்து அனுமதி வாங்க வேண்டும். குடும்ப வன்முறை பற்றிப் புகார் சொல்லப் போலீஸை அழைத்த ஒரு பெண்ணை, உடன் வாழ்ந்தவரின் பெயர் அந்த அனுமதியில் இல்லை என்று கைது செய்தார்கள். 2007இல் ஒரே ஒருமுறை காரைத் தவறாக நிறுத்திய இன்னொரு பெண்ணுக்கு 151 டாலரும் கூடுதல் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. கட்ட முடியாமல், ஆஜராகாமல் போனதால் அவர் ஆறு நாள் சிறையில் இருந்தார். ஏழாண்டுகளில் 550 டாலர் கட்டிய பிறகும் 541 டாலர் பாக்கி என்றது கணக்கு. சுமார் 21,000 பேர் வாழ்ந்த ஊரில், 2014 இறுதியில் 16,000க்கும் மேற்பட்டவர்கள் மீது பிடியாணை நிலுவையில் இருந்தது. அவர்களில் வெளியூர்க்காரர்களும் உண்டு.

அதே கவுண்டியில் உள்ள பேஜ்டேல் அப்போது சுமார் 3,300 பேர் வாழ்ந்த சிற்றூர். ஏறத்தாழ எல்லோரும் கறுப்பின மக்கள். பொருந்தாத ஜன்னல் திரை, உரிந்த பெயின்ட் என்று அங்கே டிக்கெட் பறந்தது. குடியிருப்பவர்கள் 2015இல் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் நீதிமன்ற ஒப்புதலோடு ஏற்பட்ட உடன்பாட்டில் நகராட்சி இறங்கிவந்தது. பேஜ்டேலின் அப்போதைய மேயரும் கறுப்பினப் பெண்தான் என்பதைக் கவனியுங்கள். நாற்காலியில் நம்மவர் அமர்வது அவசியம். ஆனால் கஜானா காலியாகவும், நிரப்பும் வழி அபராதம் மட்டுமாகவும் இருந்தால், அந்த நாற்காலி நம்மவரையே நம்மவருக்கு எதிராக ரசீது எழுத வைத்துவிடும். தனித்தொகுதி வார்டுகளில் போட்டியிட நினைக்கும் தோழர்கள் இதை மறக்கக் கூடாது.

‘செலவை மீட்பது’ அதன் எல்லைவரை போனது கலிஃபோர்னியாவில். இண்டியோ, கோச்செல்லா என்ற பாலைவன ஊர்களில் பெரும்பான்மையினர் லத்தீனோ மக்கள். அந்த நகராட்சிகள் விதிமீறல் வழக்குகளை ஒரு தனியார் சட்ட நிறுவனத்திடம் ஒப்படைத்தன. இண்டியோவில் ஒரு மூதாட்டி வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருந்தவர் கோழி வளர்த்தார். மூதாட்டிக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 225 டாலர். வழக்கு முடிந்து பல மாதங்கள் கழித்து, அந்த வழக்கை நடத்திய செலவு என்று 5,000 டாலருக்கு மேல் அவரிடம் கேட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை 2017இல் இதை வெளிக்கொண்டு வந்தது. வழக்கு நடத்திய செலவைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் கட்டுவதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா அடுத்த ஆண்டே இயற்றியது.

மிசூரியிலும் சட்டம் மாறியது. போக்குவரத்து அபராத வருவாய்க்கான உச்சவரம்பை 2015 சட்டம் 30 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தது. செயின்ட் லூயிஸ் கவுண்டிக்கு மட்டும் 12.5 என்று வைத்த தனி வரம்பை 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போக்குவரத்து அபராதத்துக்கு வரம்பு வந்தால் நகராட்சிகள் வீட்டு விதிகளின் பக்கம் திரும்பும் என்பதால், 2016இல் இன்னொரு சட்டம் வந்து, அந்தச் சிறு மீறல்களுக்கான அபராதத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் கசியும் என்பதை அம்மக்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு பழையது. அண்ணல் அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரையே சூடிக்கொண்டார்கள். அண்ணல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1925இல் நூலாக வெளியிட்டதோ, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதியைப் பற்றி. அரசு யாரிடம் வாங்கி யாருக்குச் செலவழிக்கிறது என்பதைப் படிப்பது நம் இயக்கத்துக்கு அந்நியமான வேலை அல்ல.

ஆகவே உங்கள் ஊர் மாமன்றத்தில் ‘கட்டண மறுசீரமைப்பு’ என்ற தீர்மானம் வந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். இந்தச் செலவை எப்படிக் கணக்கிட்டார்கள்? இந்த வேலையால் பயனடைபவர் யார், பணம் கட்டுபவர் யார்? எந்தெந்த வார்டுகளில் எத்தனை நோட்டீஸ்? கட்ட முடியாதவருக்குத் தவணை உண்டா, விலக்கு உண்டா? அபராதத் தொகை பட்ஜெட்டில் முன்கூட்டியே வருவாயாக எழுதப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், மீறல்கள் குறைவதை அந்த நகராட்சி விரும்பாது. மீறல் குறைந்தால் அதன் பட்ஜெட்டில் துண்டு விழும்.