தோம்பு என்னும் பெயர்

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட கலைநூலின் தலைப்பு ஆங்கிலம்தான். அதற்கு உயிர் கொடுப்பதோ யாழ்ப்பாணத்துப் பழஞ்சொல் ஒன்று. தமிழில் 'முற்றுப்பெறாத தோம்பு' எனலாம்.

தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்பவருக்குப் பட்டாவும் சிட்டாவும் தெரியும். அவை வடக்கிலிருந்து வந்த ஆட்சிச் சொற்கள். யாழ்ப்பாணத்தின் நிலப்பதிவேடான தோம்பு கடல் வழியே வந்தது. போர்ச்சுகீசியத்தில் 'தோம்போ' என்றால் சொத்துப் பதிவேடு. வெட்டிய துண்டு, நூற்பகுதி எனப் பொருள்படும் கிரேக்கத் 'தோமொஸ்' அதன் மூலம் என்பார்கள். லிஸ்பனில் அரச ஆவணங்கள் இருந்த கோபுரத்துக்கே தோம்போ கோபுரம் என்று பெயர். 1755 நிலநடுக்கத்தில் அது இடிந்தது, ஆவணங்கள் பிழைத்தன. இன்றும் போர்ச்சுகல் தேசிய ஆவணக் காப்பகம் அந்தப் பெயரைத்தான் தாங்குகிறது.

ஈற்று ஓகாரம் உகரமானதும் சொல் தமிழாகிவிட்டது. மதகுக் குழாயைக் குறிக்கும் நம் 'தூம்பு'க்கும் இதற்கும் உறவில்லை. யாழ்ப்பாணம் 1619இல் போர்ச்சுகீசியர் வசமும் 1658இல் ஒல்லாந்தர் வசமும் போனது. ஆட்சி மாறியும் பதிவேட்டின் பெயர் மாறவில்லை. எவரிடம் எவ்வளவு நிலம், அவரிடம் எவ்வளவு வரி என்பதே தோம்பின் கேள்வி.

சனாதனன் கேட்டது வேறு. 1981இல் எரிக்கப்பட்டுப் பின் மீண்டெழுந்த யாழ் பொது நூலகத்தில், 2004இல் மக்களின் வீட்டுப் பொருள்களைச் சேர்த்து ஒரு நிர்மாணக் கலைப்படைப்பை வைத்தவர் அவர். தோம்பு நூலில் பொருள்கூட இல்லை, நினைவு மட்டும். போரால் இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகிறார்கள். அருகே கட்டடக் கலைஞர் வரைந்த திருத்தமான படம். பிறகு சனாதனனின் ஓவியம். வாசல் எந்தப் பக்கம், அடுப்படி எங்கே என்று ஒருவர் கைநடுங்க இழுத்த கோட்டைத்தான் நான் உறுதிப்பத்திரமாக மதிக்கிறேன். வரி வசூலித்தவன் சொல்லை வீடிழந்தவர் கையில் கொடுத்திருக்கிறார் சனாதனன். இதைவிடப் பொருத்தமான பெயர் அந்த நூலுக்கு இல்லை.

அரசுப் பதிவேடு முற்றுப்பெறாமல் கிடந்தால் அது குறை. இந்த நூலில் அதுவே நேர்மை. இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. ஆனால் நூல் வந்த ஆண்டிலும் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு மக்கள் பலர் தங்கள் காணிக்குள் கால்வைக்க முடியவில்லை. அந்த நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது.