ஆயிரம் கைகள் போட்ட முடிச்சு

காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒன்று கையில் சிக்கியது. மார்பில் கதிர் விரித்த சிவப்புச் சூரியன். அடியில் ‘காமிகாஸே’ என்ற எழுத்து. “நல்லாப் போகுதுங்ணா, ரெண்டா எடுத்துக்குங்க” என்றார் கடைத் தம்பி.

அந்தச் சூரியன் நமக்குப் பக்கத்திலேயே ஒருமுறை உதித்தது. 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரிட்டனின் ‘ஹெர்ம்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் ஒரு விமானம் வந்து மோதியது. தீ ஏழு நாள் எரிந்தது என்பார்கள். விமானி வேண்டுமென்றே பாய்ந்தார் என்பது அங்குள்ள பேச்சு. நான் அதை அப்படியே நம்பத் தயங்குவேன். கடைசி நொடியில் அவர் மனதில் ஓடியதை யார் கண்டது? எப்படியானாலும் சாவு அப்போது கட்டளை ஆகியிருக்கவில்லை.

அதற்கு இன்னும் இரண்டரை ஆண்டு இருந்தது. தேர்ந்த விமானிகள் தீர்ந்துபோன 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில் துணை அட்மிரல் ஓனிஷி தகிஜிரோ தற்கொலைப் படையை அமைத்தார். 25ஆம் தேதி அவர்கள் மோதியதில் அமெரிக்காவின் ‘செயின்ட் லோ’ விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியக் கப்பல்களைச் சிதறடித்த புயலின் பெயரான ‘காமிகாஸே’, அதாவது ‘தெய்வக் காற்று’, இவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்களில் பலர் படிப்பைப் பாதியில் விட்ட கல்லூரிப் பையன்கள்.

பனியன் ஊரில் உட்கார்ந்து எழுதுவதாலோ என்னவோ, இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு துணிதான். ‘சென்னின்பாரி’, அதாவது ஆயிரம் பேர் தையல். நம் ஓவர்லாக் மெஷினுக்கு ஆயிரம் தையல் அரை நிமிட வேலைகூட இல்லை. அங்கே போருக்குப் போகிறவனின் தாயோ தங்கையோ தெருமுனையில் நின்று, போகிற வருகிற பெண்களிடம் ஆளுக்கொரு தையல் கேட்பாள். சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. புலி ஆண்டில் பிறந்தவள் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சு போடலாம். ஆயிரம் காதம் போனாலும் புலி வீடு திரும்பும் என்பது நம்பிக்கை. சிலர் 5 சென், 10 சென் நாணயங்களையும் வைத்துத் தைத்தார்கள். ஜப்பானிய மொழியில் நாலின் ஒலி சாவு, ஒன்பதின் ஒலி துன்பம். ஐந்து நாலைத் தாண்டியது. பத்து ஒன்பதைத் தாண்டியது.

திரும்பி வரக்கூடாதென்றே அனுப்பப்பட்ட பையன்களில் பலரும் அந்தத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள்.

(தொடரும்)