ஆற்றுக்குள் நிற்கும் கால்கள்

நம்ம சங்கரன்கோவிலில் ஆறு கிடையாது. கோயிலுக்குள் நாகசுனை, தெப்பத்துக்கு ஆவுடைப்பொய்கை, ஊரைச் சுற்றி வானம் பார்த்த கரிசல். அதனாலோ என்னவோ, சிறுவயதில் திருநெல்வேலிக்குப் போய் முதன்முதலாகத் தாமிரபரணியைப் பார்த்தபோது, தண்ணீரைவிட அதற்குள் அசையாமல் நின்ற கட்டடங்கள்தான் எனக்கு அதிசயமாகத் தெரிந்தன. ஓடுகிற தண்ணீரில் கல் எப்படி நிற்கிறது?

கொக்கிரகுளத்தையும் ஜங்ஷன் பக்கத்தையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1840 வாக்கில் அங்கே பாலம் இல்லை, படகுத்துறைதான். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்கள் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். நெரிசலும் சண்டையும் அன்றாட வழக்கம். பாலம் கட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது, கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், சுமார் 50,000 ரூபாய் செலவைத் தாமே ஏற்றார். அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில், 60 அடி அகலத்தில் 11 வளைவுகளோடு, சுமார் 760 அடி நீளத்தில் எழுந்த பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. சிறைக் கைதிகளும் அதில் உழைத்திருக்கிறார்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. 26 வருஷம் கழித்து, 1869 வெள்ளத்தில் அந்தப் பாலம் சேதமடைந்தது. 1871-ல் பழுது பார்த்தார்கள். கட்டியவர் பெயர் பாலத்துக்கே நிலைத்துவிட்டது. பழுது பார்த்த கொத்தனார்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

வெள்ளம் தூணை முட்டித் தள்ளிச் சாய்ப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. தூணில் மோதும் தண்ணீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, சுழன்று, அடிமணலை அரித்துக்கொண்டு போகிறது. வெள்ளம் வடியும்போது அந்தக் குழியில் பொலபொலவென்று புதுமணல் படிந்துவிடும். மேலே பார்த்தால் எல்லாம் பத்திரம்போலத் தெரியும். அடுத்த வெள்ளத்துக்குத்தான் உண்மை தெரியும்.

அந்தக் காலத்தவர்கள் இதைக் கண்டறிந்து வைத்திருந்தார்கள். மணலில் கிணற்று உறைகளை இறக்கி அவற்றின்மேல் கட்டுவது தென்னாட்டின் பழைய முறை. 1836-ல் கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனும் நம்மவர்களின் இந்த வித்தைகளை மெச்சியவர்தான். இன்னொரு முறை, தண்ணீர் வரும் திசையில் முகப்பைக் கூராக அமைப்பது. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். முகப்பு படகின் முன்பக்கம்போல இருக்கும், வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போய்விடும். தண்ணீர் ஏறினால் உற்சவரையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றை அள்ளிக் கழுவி, மறுபடி பூஜை. ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல், அதற்கு வழிவிட்டு வாழ்ந்த புத்தி அது.

அந்தப் புத்தி நமக்கு எங்கே போயிற்று? கால்களைப் பிடித்து வைத்திருப்பதே மணல்தான். அதை லாரி லாரியாக அள்ளினோம். 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள 5 வருஷம் தடை போட வேண்டியதாயிற்று. ஆற்றின் தரை இறங்கினால் படித்துறையின் கடைசிப் படி அந்தரத்தில் நிற்கும், மண்டபத்தின் அஸ்திவாரம் வெளியே தெரியும். மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் அது பராமரிப்பாகாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறைக் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்தது. வடிந்த பிறகும் கோயில் நின்றது. ஏரலிலோ பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போய்விட்டது. பாலத்தின் கால்கள் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, கரையும் உறுதியாக இருக்க வேண்டும் என்று ஆறு சொல்லிக் கொடுத்த பாடம் அது.

அடுத்த தடவை திருநெல்வேலிக்குப் போனால், கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும் நாளாகப் பார்த்து, பாலத்தின் பக்கம் இறங்கிக் கால்களின் அடியைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கட்டிக் கொடுத்த ஒருவரின் பெயரை 180 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதைக் காப்பாற்றும் வேலை நம் எல்லோருடையது.