ஒரே ஊர், பல பெயர்: அரச கணினி முறைமைகளுக்கு வரைபடம் வேண்டும்

கொக்கட்டிச்சோலையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். இங்குள்ள பிரதேச செயலகத்துக்கு அரச ஆவணங்களில் மண்முனை தென்மேற்கு என்று பெயர். ஊர்மக்களுக்கு அது பட்டிப்பளை. மனிதர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. கணினிக்கோ, யாராவது சொல்லிவைக்காதவரை, இவை எல்லாம் வெவ்வேறு இடங்கள்.

படுவான்கரையில் வயல் செய்யும் ஒரு குடும்பத்தின் விபரங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பிறப்புப் பதிவு பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம். அடையாள அட்டை ஆட்பதிவுத் திணைக்களத்திடம். வாக்காளர் இடாப்பு தேர்தல்கள் ஆணைக்குழுவிடம். காணியும் உரமும் கமநல சேவை நிலையத்தில். சமுர்த்தி ஓரிடம், அஸ்வெசும இன்னோரிடம். ஒரு பெயர் ஓரிடத்தில் தமிழிலும் மற்றோரிடத்தில் ஆங்கிலத்திலும் பதியப்பட்டு, ஓரெழுத்து பிசகினால், இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை அந்த மனிதர் தலையில்தான் விழுகிறது. அதற்குப் போகும் நாளுக்குக் கூலி கிடையாது.

பெரிய நிறுவனங்களில் இந்தக் குழப்பம் நேராதபடி முன்கூட்டியே திட்டமிடுவதற்கு 'என்டபிரைஸ் ஆர்கிடெக்சர்' என்று பெயர். தமிழில் நிறுவனக் கட்டமைப்புத் திட்டமிடல் எனலாம். ஐபிஎம் நிறுவனத்தின் ஜோன் சக்மன் 1987இல் எழுதிய கட்டுரையும், 'த ஓபன் குரூப்' அமைப்பு 1995இல் வெளியிட்ட டோகாஃப் என்ற வழிமுறையும் இத்துறையில் அதிகம் பேசப்படுபவை. டோகாஃப் ஒரு நிறுவனத்தை நான்கு அடுக்குகளாகப் பார்க்கிறது: செய்யும் பணி, அதற்கு வேண்டிய தரவு, தரவைக் கையாளும் மென்பொருள், மென்பொருளைத் தாங்கும் இயந்திரங்கள். நம் நாட்டில் பெரும்பாலும் நான்காவதிலிருந்துதான் தொடங்குகிறோம். கணினி வந்திறங்கும், நாடா வெட்டப்படும்.

முதல் அடுக்கின் கேள்வி எளியது: இந்த வேலை தேவைதானா? கிராம உத்தியோகத்தர் வழங்கும் வதிவிடச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அலுவலகங்களுக்குப் போகிறோம். அந்தப் படிவத்தை அப்படியே கணினியில் ஏற்றினால் வரிசை மட்டும் இணையத்துக்கு இடம்மாறும். கேட்கும் அலுவலகமே வதிவிடத்தைப் பதிவேட்டில் சரிபார்க்க முடிந்தால், சான்றிதழே வேண்டியதில்லை. எஸ்தோனியா இந்த வழியில்தான் போனது. 2001இல் அங்கு தொடங்கிய 'எக்ஸ்-ரோட்' எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் குவிக்கவில்லை. ஒவ்வொரு திணைக்களமும் தன் பதிவேட்டைத் தானே வைத்திருக்கிறது. மற்றவை பாதுகாப்பான வழியில் கேட்டுப் பெறுகின்றன.

தரவு அடுக்கில்தான் உண்மையான சண்டை. ஒருவரின் பெயருக்கு எந்தத் திணைக்களம் பொறுப்பு? முகவரிக்கு எது? இதை எழுத்தில் தீர்மானிக்காமல் வாங்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் இன்னொரு இடாப்பைத்தான் உருவாக்கும். தேசிய அடையாள அட்டை இலக்கம் நல்ல உதாரணம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்தது, 2016 முதல் பன்னிரண்டு இலக்கமானது. கடந்த நூற்றாண்டில் பிறந்தவர்களின் பழைய இலக்கத்தை மாற்றும் முறை சிறியது: முன்னால் 19, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். ஆனால் இந்த விதி எல்லா முறைமைகளிலும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒருவரே இருவராகத் தெரிவார். ஊர்ப்பெயருக்கும் இதே மருந்துதான்: எழுத்துக்கூட்டலை நம்பாமல் கிராம சேவகர் பிரிவுக்கு உள்ள குறியீட்டு இலக்கத்தைப் பயன்படுத்துவது.

இலங்கையில் இதற்கான சிந்தனையே இல்லை என்று சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், திணைக்களங்களை இணைக்க 'லங்கா கேட்' என்ற இடைமுறைமையையும் தரவுக்கான பொது வரையறைகளையும் உருவாக்கியது. பாதை போட்டாயிற்று, அதில் போகும்படி திணைக்களங்களைக் கட்டாயப்படுத்தும் வலு குறைவு. 2023இல் அஸ்வெசுமவுக்காக வீடுவீடாகப் புதிதாக விபரம் திரட்டப்பட்டது. பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இலட்சக்கணக்கில் குவிந்தன. எல்லாமே தரவுப் பிழை அல்ல, தகுதி விதிகள் மீதான கோபமும் உண்டு. ஆனாலும் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளோடு முதலிலேயே ஒப்பிட முடிந்திருந்தால் ஒரு பகுதி குறைந்திருக்கும்.

இயந்திர அடுக்கைப் பற்றி அதே ஆண்டு ஓகஸ்டில் பாடம் கிடைத்தது. அரச மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கோரும் தீம்பொருள் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு அழிந்தது. இணைப்பு இல்லாத தனி நகல் அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்த மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. எந்த மென்பொருள் எப்போது காலாவதியாகும், மாற்றப் பணம் எந்த வரவு செலவுத் திட்டத்தில் என்ற அட்டவணை, கட்டமைப்புத் திட்டத்தின் மிகச் சலிப்பான பக்கம். அந்தப் பக்கம்தான் முக்கியமானது.

இப்போது இந்தியாவின் நிதியுதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. கைரேகையும் கண்விழியும் ஒருவர் யார் என்று உறுதிப்படுத்தும். அவர் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது, எது மூலப் பதிவு, பிழையைத் திருத்தச் சொல்லிக் கொக்கட்டிச்சோலையில் யாரிடம் விண்ணப்பிப்பது, அந்தத் திருத்தம் மற்ற அலுவலகங்களுக்குத் தானாகப் போய்ச் சேருமா என்பவை கைரேகையில் இல்லை. ஒப்பந்தப் பத்திரங்களில் இவற்றுக்கு விடை எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம், மென்பொருள் வந்திறங்குவதற்கு முந்தைய நேரம்தான்.