பெட்டியின்மேல் ஒரு பெயர்



ஊவா மலைச்சாரலில் விளைந்த தேயிலை ஒரு காலத்தில் மரப்பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறிற்று. பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கொழுந்து கொய்தவளின் பெயர் இராது. உழைத்தவர் பெயரை மறைக்கும் வழக்கம் தேயிலைக்கு மாத்திரம் உரியதன்று. நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் வீடியோ விளையாட்டின் வரலாற்றிலும் அதனைக் காணலாம்.

1970களின் இறுதியில் அமெரிக்காவில் இத்துறையில் கோலோச்சியது அட்டாரி நிறுவனம். விளையாட்டை ஆக்கியோரின் பெயரை வெளியிட அஃது இசையவில்லை. வாரன் ராபினெட் என்பார், தாம் இயற்றிய ‘அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டினுள் இரகசிய அறையொன்றை அமைத்து, அங்கே தம் பெயரை ஒளித்து வைத்தார். டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வரோ வேலையையே துறந்து வெளியேறினர். ஜிம் லெவி என்பாருடன் சேர்ந்து, 1979ஆம் ஆண்டில் ‘ஆக்டிவிஷன்’ என்னும் வெளியீட்டகத்தை நிறுவினர்.

பிறர் செய்த கருவிக்கு விளையாட்டு வெளியிட்ட முதல் தனி நிறுவனம் அதுவே. டிராக்ஸ்டர், பாக்சிங், செக்கர்ஸ், ஃபிஷிங் டெர்பி என்பன 1980இல் வந்த அதன் முதற் பட்டியல். ஆக்கியோர் பெயரும் விளையாட்டோடு அறிவிக்கப்பட்டது. அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. அவ்வாண்டே கிரேன் இயற்றிய ‘பிட்ஃபால்’ வெளிவந்து, நாற்பது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. தனி வெளியீட்டகங்கள் பல தோன்றுதற்கு இவ்வாறு வழி திறந்தது.

அவ்வழியே நடந்து, நாற்பது ஆண்டுகளின் பின்னர் ஒரு தமிழ்ப் பெயரும் உலக அரங்கேறியது. கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள சிறு நிறுவனமொன்று ‘விசை’ என்னும் தமிழ்ச் சொல்லைத் தன் பெயரிற் கொண்டது. அது 2023 யூலை 31இல் தானே ஆக்கித் தானே வெளியிட்ட விளையாட்டு ‘வெண்பா’. அதன் பட்டியல் நீண்டதன்று; விளையாட்டும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிவது. ஆயினும் 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தெரிவாயிற்று.

அதில் போரில்லை, துப்பாக்கியில்லை. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவிற் குடியேறிய வெண்பா என்னும் தாய், தன் அன்னையின் சமையற் குறிப்பேட்டை வைத்து இட்லி முதலியவற்றைச் சமைக்கிறாள். ஏட்டின் வரிகள் சிதைந்துள்ளன. விடுபட்டதை ஆடுபவர் உய்த்தறிய வேண்டும். மகன் கவின் வளர்ந்தபின், அந்தத் தமிழ் எழுத்துகளையே தடுமாறித்தான் வாசிக்கிறான். கதையின் துயரம் அங்கேதான் இருக்கிறது.

கைத்தொலைபேசியும் கையுமாயிருக்கும் மாணவனை வைது விரட்டுவது எளிது. நானும் வைதிருக்கிறேன். இப்பொழுதோ, “தம்பி, இதை ஆக்கியவர் யார்?” என்று கேட்கிறேன். தேயிலை மலைக்கு வந்த நம் முன்னோர் நடந்த பாதையும், லயத்து வாழ்வும், பாட்டியரின் கைப்பக்குவமும் ஒருநாள் இங்குள்ள பிள்ளையொருவன் கையால் விளையாட்டாகலாம். அதற்குப் பாட்டியின் ஏட்டைத் தடுமாறாது வாசிக்கும் தமிழ் அவனுக்கு வேண்டும். பெட்டியின்மேல் தன் பெயரை எழுதும் துணிவும் வேண்டும்.