இருபது நிமிடக் கணக்கு

இரவு மீந்த குழம்பைச் சுட வைக்காமல் மூடிவிட்டால், காலையில் நுரைத்துப் போயிருக்கும். கிருமிகள் பெருகியதன் விளைவு அது. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா, நல்ல தீனியும் உடற்சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிவிடும். தீனி தீராதிருந்தால், கணக்குப்படி எட்டு மணி நேரத்தில் ஒன்று ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம்!

பிரியுமுன் அது தன் குரோமோசோமை நகல் எடுத்தாக வேண்டும். நகல் கிடைக்காத பிள்ளை பிழைக்காது.

1958-ல் அமெரிக்காவில் மெசல்சன், ஸ்டால் என்ற இருவர், கனமான நைட்ரஜன் ஊட்டிய கிருமிகளைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி வளர்த்தார்கள். ஒரு தலைமுறை கழித்து டி.என்.ஏ. பாதிக் கனமாக இருந்தது. கயிற்றின் இரு புரிகளும் பிரிந்து, ஒவ்வொரு பழைய புரியோடும் ஒரு புதுப் புரி சேர்கிறது என்பது தெளிவாயிற்று.

1963-ல் ஜான் கெய்ர்ன்ஸ் வெளியிட்ட படம் இன்னும் வியப்பானது. கதிரியக்கம் ஏற்றிய டி.என்.ஏ.வை நிழற்படப் பூச்சுக்கடியில் சுமார் இரண்டு மாதம் இருட்டில் வைத்து எடுத்த படம். என்ன பொறுமை பாருங்கள்! குரோமோசோம் முனையில்லாத வளையம். நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதைச் சுருட்டி வைத்திருக்கும் கிருமியோ மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான்.

1968-ல் கூப்பர், ஹெல்ம்ஸ்டெட்டர் இருவரும் நேரத்தைக் கணக்கிட்டபோதுதான் புதிர் முற்றியது. வளையம் முழுவதும் நகலாக 40 நிமிடம். அதன்பின் கிருமி பிளக்க 20 நிமிடம். அறுபது நிமிட வேலை இருக்க, இருபது நிமிடத்தில் பிரிவது எப்படி?

முதல் நகல் முடியட்டும் என்று கிருமி காத்திருப்பதில்லை. வளையத்தில் ஒரே இடத்தில்தான் நகல் தொடங்கும். அங்கிருந்து இருபக்கமும் ஓடும். பாதித் தூரம் போனதுமே, இப்போது இரண்டாகிவிட்ட அந்தத் தொடக்க இடங்களில் அடுத்த நகல் கிளம்பிவிடும். ஆக, இப்போது பிரிகிற கிருமி தன் பாட்டி பிறந்த வேளையில் தொடங்கிய நகலைக் கொண்டு பிரிகிறது. பேத்திக்கான நகலும் அதற்குள்ளேயே தொடங்கியாயிற்று.

இந்த ஓட்டத்தில் முன்பக்கக் கயிற்றில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். அதை இளக்கும் ஜைரேஸ் என்ற நொதி 1976-ல் தெரியவந்தது. மருத்துவர் சிலவகைக் கிருமித் தொற்றுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை, இந்த நொதியை டி.என்.ஏ.மேலேயே சிக்க வைத்துவிடுகிறது. நகல் வேலை பாதியில் நிற்கிறது, கிருமி மடிகிறது. நம் உயிரணுக்களின் குரோமோசோம் நகலுக்கு ஜைரேஸ் தேவைப்படுவதில்லை.