தொலைத் தரவுத்தள இணைப்புக் கோளாறு

ஓரிடத்துக் கணினியால் வேறோர் இடத்திலுள்ள தரவுத்தளத்தை எட்ட முடியாமல் போகும் நிலை. மக்கள் வழக்கில் ‘சர்வர் டவுன்’. அம்பாசமுத்திரத்தில் வில்லங்கச் சான்றுக்கு நிற்பவரும் சேரன்மகாதேவியில் பட்டா நகலுக்கு நிற்பவரும் கேட்டுப் பழகிய சொல் இது. காய்ச்சல் என்பதுபோல இதுவும் அறிகுறிதான், நோயன்று. சர்வர் நன்றாக ஓடும்போதும் இணைப்பு கிடைக்காமல் போகலாம்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே கடைமடையில் தண்ணீர் வராவிட்டால் விவசாயி தன் வயல் வாய்மடையில் தொடங்கி, கால்வாய் வழியே தலைமதகு வரை நடந்து பார்ப்பார். இணைப்புச் சோதனைக்கும் அதே வரிசைதான்: தன் கணினி, ரௌட்டர், முகவரி, இடையிலுள்ள ஃபயர்வால், கடைசியில்தான் சர்வர்.

வரும் பிழைச்செய்தியே பாதி விடை. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே வந்தால் பெரும்பாலும் எதிர்முனைக் கணினி வரை போய்ச் சேர்ந்தாயிற்று. தரவுத்தளத்துக்கான போர்ட் என்ற எண்ணிட்ட வாயிலில்தான் கேட்பாரில்லை. போர்ட் எண் தவறியிருக்கலாம்: தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமாக 5432, மைஎஸ்கியூஎலுக்கு 3306, ஆரக்கிளுக்கு 1521. அல்லது தரவுத்தளம் 127.0.0.1 என்ற தன் வீட்டு முகவரியில் மட்டும் காதுகொடுத்துக் கொண்டிருக்கலாம். புதிதாக நிறுவிய போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நெடுநேரம் காத்து ‘நேரம் கடந்தது’ என வந்தால் பெரும்பாலும் வழியில் எங்கோ ஃபயர்வால் கோரிக்கையைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது முகவரியே தவறு. கடவுச்சொல் பிழை என்றால் மகிழலாம். பாதை முழுதும் திறந்திருக்கிறது. எதிர்முனைக் கணினி பதில் தருகிறதா எனப் பிங் செய்து பார்த்து முடிவுகட்டுவது பலர் செய்யும் தவறு. பிங்குக்கு விடை வந்தும் போர்ட் மூடியிருக்கலாம். விடை வராமலே தரவுத்தளம் இயங்கலாம். டெல்நெட்டில் அந்தப் போர்ட்டையே தட்டிப் பார்ப்பது மேல்.

நெரிசலும் ஒரு காரணம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையே ஏற்கும், மைஎஸ்கியூஎல் 151. இந்த வரம்பை நிர்வாகி கூட்டாவிட்டால் அடுத்தவருக்கு இடமில்லை. முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் வழங்குவது வழக்கம்; எந்த அமைப்புக்கும் அத்தகைய நாள்தான் உண்மையான சோதனை.

வெள்ளமும் இணைப்பை அறுக்கலாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தாமிரபரணி ஆற்றங்கரையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தை வெள்ளம் சூழ்ந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் நின்றன. அத்தகைய நாளில் போர்ட்டைத் தட்டிப் பயனில்லை. முதலில் பார்க்க வேண்டியவை மின்சாரமும் கேபிளும்தான்.